மச்சான், அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்

சோஹார்,
ஓமான், செவ்வாய்க்கிழமை

மதிப்பும் பாசமும் நிறைந்த மச்சான் கிளிட்டஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை லீமாவைக் கட்டிய ஜான் பீட்டர் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். நானும் லீமாவும் சுகம், லீமாவின் முட்டுவலியும் எங்கும் போகாமல் அங்கேயே சுகமாக இருக்கிறது. அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மா ஜோஸ்மி அக்காவும் உங்கள் பிரஷரும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தில் எழுதிக் கொல்லுகிறான் என்று நினைப்பீர்கள். குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டால் லீமா பார்ப்பாள், மகள் அக்ஸாவும் பார்ப்பாள். உங்களுக்குத் தனியாகப் போட்டாலும் லீமா பார்ப்பாள். என் போனைத் திறக்கிற நம்பர் எனக்கு மறந்துபோனால் அவளிடம்தான் கேட்டுக்கொள்கிறேன், நிலைமை அப்படி. எங்கள் கம்பெனிப் பையன் பெனோ, ஆலை ஷட்டவுன் வேலைக்காக மறுபடியும் தோஹா வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் கிழித்துப் போடவும். ஜோஸ்மி அக்காவிடம் காட்ட வேண்டாம், அவர்களும் லீமாவும் பேசாத நாள் கிடையாது.

விஷயம் இதுதான். வியாழக்கிழமைக்குள் அக்ஸா ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு நஜ்மாவில் இருக்கிற உங்கள் வீட்டுக்கு வருவாள். கல்லூரியில் நீங்கள்தான் அவளுக்கு லோக்கல் கார்டியன் என்பதால் உங்கள் கையெழுத்துதான் செல்லும். அதைப் போடாதீர்கள். நான் அவளிடம் சரி என்று சொல்லிவிட்டேன், சொன்ன சொல்லை நான் மாற்ற முடியாது, அதனால் மாட்டேன் என்பது உங்கள் வாயிலிருந்து வரட்டும். நீங்கள் ஸேஃப்டி ஆபீஸர். மாட்டேன் என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவர். உங்களுக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இருக்காது.

உங்களிடம் அக்ஸா ஒரு கதையும் லீமா ஒரு கதையும் சொல்லியிருப்பார்கள், ஆகவே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அந்த அமெரிக்கக் கல்லூரியின் தோஹா கிளையில் பிள்ளையைச் சேர்த்து ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரும்போது நீங்கள்தான் எங்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து விட்டீர்கள். அன்றைக்குக் காரில் அழுதது லீமா என்று நீங்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்ததற்கு நன்றி. அதற்கு மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அக்ஸாவின் போன் வரும். அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே ஒன்று. நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் ரூம் படிக்கட்டுக்குப் போய்விடுவேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து நான் இங்கே சாப்பிடுவேன், அவள் அங்கே சாப்பிடுவாள். என்ன கறி என்று கேட்பாள், சொல்லுவேன். உனக்கு என்ன என்று கேட்பேன், பாஸ்தா என்பாள். சில நாள் இரண்டு பேரும் ஒன்றுமே பேசமாட்டோம், மெல்லுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒர்க்‌ஷாப்பில் பழனிச்சாமியும் மற்ற பையன்களும் தார்ப்பாய் விரித்து, அவரவர் கொண்டுவந்ததை நடுவில் வைத்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆரம்பத்தில் என்னையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மகள் போன் வரும் என்று சொல்லிவிடுவேன், கொஞ்சம் பெருமையாகவே சொல்லுவேன். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்பனுக்குத் தினமும் போன் செய்கிறது? உங்கள் மகன் செய்கிறானா? கேட்டதற்கு மன்னிக்கவும்.

உங்கள் தங்கைக்கு இது பொறுக்கவில்லை. கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்த்துப் பார்த்து, ஊசி போடுகிற மாதிரியே பேசவும் பழகிவிட்டாள். ஒருநாள் நான் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, துணி மடித்தபடியே, "ஆசையில ஒண்ணும் விளிக்கல அவ. பக்கத்துல இருந்து திங்க ஆளில்லாம விளிக்கா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சோஹாரில் பிறந்து, சோஹாரில் படித்து, நாலு பாஷை பேசுகிற பிள்ளைக்கு அங்கே ஆள் கிடைக்காதா என்று கேட்டேன். கேளுங்க, அவகிட்டயே கேளுங்க என்றாள். நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது போய் அதையெல்லாம் கேட்பார்களா?

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் படிக்கட்டில் இருக்கும்போது, தான் ஒரு ஸொராரிட்டியில் சேரப்போவதாக அக்ஸா சொன்னாள். ஏதோ புதுப் பாடம் என்று நினைத்து நல்லது மக்களே, சேரு என்றேன். அப்புறம்தான் விளக்கினாள். அமெரிக்காவில் தாய்க் கல்லூரியில் இருக்கிறதாம், அதைப் பார்த்து மூத்த மாணவிகள் இங்கேயும் ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். பெண்பிள்ளைகள் மட்டும். மூன்று கிரேக்க எழுத்துதான் பெயர். அதில் ஒன்று டெல்டா, ஒன்று ஓமேகா. எனக்குத் தெரிந்து டெல்டா மோட்டார் கனெக்‌ஷன், ஓமேகா ரெஸிஸ்டன்ஸ். இரண்டையும் சேர்த்து யாரும் பிள்ளைக்குப் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை. புதிதாக வருகிறவர்களை அவர்கள் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்களாம், பிடித்தால் சேர்த்துக்கொள்வார்களாம், சேர்ந்தால் சாகும்வரை எல்லாரும் அக்கா தங்கச்சியாம். வாடகை எவ்வளவு, மெஸ் உண்டா என்று கேட்டேன். "அப்பா, அது ரூம் இல்லப்பா" என்றாள்.

ரூம் இல்லை என்றால் வேறு என்ன, மச்சான்? நான் கல்யாணத்துக்கு முன்னால் துபாயில் சத்வாவில் இருந்த கதை உங்களுக்குத் தெரியும். அடுக்குக் கட்டில் போட்ட ரூம். புதிதாக ஒருவன் வந்தால் ரூமின் மூத்த ஆள் கோபாலசாமி அண்ணன் நடுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். எந்த ஊர், குறட்டை உண்டா, குடிப்பாயா, குழம்பு வைப்பாயா. அதில் பாஸானால் ஏசி ஒழுகுகிற கட்டில் கிடைக்கும். முதல் வெள்ளிக்கிழமை புதியவன்தான் எல்லாருக்கும் சமைத்துப் போட வேண்டும். நான் வைத்த மீன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு கோபாலசாமி அண்ணன் "கலாஸ், முடிஞ்சது, நீ நம்ம ஆளு" என்று சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை. அதற்கு அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தவர்கள் அந்த ரூம்காரர்கள்தான். ஆகவே, இதில் அனுபவப்பட்டவன் என்கிற முறையில் நான் அக்ஸாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஊரைக் கேட்டால் தயங்காமல் சொல்லு, குறட்டை இல்லை என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடு, வெறும் கையோடு போகாதே.

முதல் நாளே ஊரைக் கேட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் குளச்சல், லீவுக்குப் போனால் அங்கே அவளை வெளிநாட்டுக்காரி என்கிறார்கள், அதனால் பிள்ளை சோஹார் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே ஷம்ஸா என்று ஓர் ஓமானிப் பெண், அவளும் சோஹார்க்காரியாம். சந்தோஷத்தில் எழுந்து வந்து, யார் வீட்டுப் பெண், எந்தக் குடும்பம் என்று விசாரித்திருக்கிறாள். அக்ஸா முழித்துவிட்டு, கிளினிக் நர்ஸ் லீமா வீட்டுப் பெண் என்று சொன்னாளாம். அந்த ஷம்ஸாவுக்குச் சின்ன வயதில் ஊசி போட்டது லீமாதான் என்பது பிற்பாடு தெரிந்தது. இருபது வருஷமாக இந்த ஊரில் கரண்டு பார்க்கிறேன், என் பெயரைச் சொல்லவில்லை பாருங்கள்.

வெறும் கையோடு போகக் கூடாது என்று லீமாவை நச்சரித்து, தேங்காய் அரைத்த மீன் குழம்பு வைத்து, ஐஸ் கட்டியாக உறையவைத்து, நாலு சுற்றுப் பேப்பர் சுற்றி, போன தடவை பெனோ வந்தபோது கொடுத்துவிட்டேன். யாருக்கு என்று சொல்ல அவன் மறந்துவிட்டான். குழம்பில் உப்புக் குறைவு என்று நீங்கள் குரூப்பில் எழுதியதைப் பார்த்துத்தான் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஜோஸ்மி அக்காதான் மனம் கேட்காமல் மறுநாளே சூரை மீன் கட்லெட் பொரித்து ஒரு பெரிய டப்பா நிறைய அக்ஸாவிடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே போனால், சேர வருகிறவர்கள் எந்தப் பொருளும் கொண்டுவரக் கூடாது என்று விதி இருக்கிறதாம், கொண்டுவந்தால் லஞ்சம் மாதிரியாம். இதை எப்போது சொன்னார்கள் என்றால் டப்பா காலியான பிறகு. சாப்பிட்டுக் கையைத் துடைத்துவிட்டு விதி பேசியிருக்கிறார்கள்.

இதற்குள் எனக்கு இன்னொரு கவலை. பிள்ளையைப் பிடித்துப்போனால் வீட்டில் விசாரிப்பார்கள் அல்லவா? பெண் கேட்டு வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லையா? ஆகவே ஜெபக்கூட்டத்தில் எல்லாரிடமும், கத்தாரிலிருந்து யார் போன் செய்தாலும் நல்லதாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்தேன். பிள்ளைக்குக் கல்யாணம் கூடிவிட்டது என்று சோஹார் முழுக்கப் பேச்சாகிவிட்டது, அது தனிக் கதை. கடைசியில் போன் எனக்கே வந்தது. கத்தார் நம்பர். எடுத்ததும் ஒரு பெண் "அங்கிள், நான் அக்ஸா காலேஜ் தாமரை பேசறேன்" என்றதுதான் தாமதம், நான் மூச்சு விடாமல் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பிள்ளை தங்கம், காலையில் தானே எழுந்துவிடுவாள், குறட்டை கிடையாது, சின்னம்மை வந்து போய்விட்டது, தூக்கத்தில் எப்போதாவது பேசுவாள், அதுவும் கணக்கு மட்டும்தான் பேசுவாள். நான் மூச்சு வாங்கிய இடத்தில் அந்தப் பெண் புகுந்து, அக்ஸாவின் சின்ன வயசுப் போட்டோ ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டாள். போட்டோ என்று கேட்டால் இந்த நாட்டில் நாம் எதைக் கொடுப்போம்? முதல் விசாவுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வெள்ளைப் பின்னணி, காது இரண்டும் தெரிகிற மாதிரி எடுத்தது. கூடவே பாஸ்போர்ட் காப்பி, தடுப்பூசி சர்ட்டிபிகேட். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அதை அவர்கள் பெரிதாக்கி, சுற்றிப் பூ ஒட்டி, அட்டையில் வைத்திருந்ததை நீங்களே நேரில் பார்த்தீர்கள்.

நீங்கள் பார்த்த அந்த நாளைப் பற்றியும் எழுத வேண்டும். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லூரி முற்றத்தில் ஒரு சடங்கு, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான்தான் உங்களை அனுப்பினேன். நீங்கள் சைட்டிலிருந்து நேராக, மஞ்சள் கோட்டும் விசிலுமாகப் போயிருக்கிறீர்கள். அங்கே நம் பிள்ளையின் கண்ணில் ரிப்பனைக் கட்டி நடக்கவிட்டிருக்கிறார்கள். புதியவள் ஒவ்வொருத்திக்கும் ஒரு மூத்தவளை அக்காவாகக் கொடுப்பார்களாம், யார் அக்கா என்பது கண் கட்டு அவிழ்க்கும்வரை ரகசியமாம். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, சுற்றிக் கம்பி வேலி இல்லை, தரையில் மெழுகுவர்த்தி. நீங்கள் விசில் ஊதியதில் தப்பே இல்லை. வேலையை நிறுத்து என்று கத்தியதிலும் தப்பில்லை. எல்லாரையும் வரிசையாக கார் பார்க்கிங்குக்குக் கொண்டுபோய்த் தலை எண்ணியதிலும், அங்கே நின்றபடியே கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதன் அபாயங்கள் பற்றி உங்கள் சைட் பாஷையில் டூல்பாக்ஸ் டாக் என்கிற பாதுகாப்புப் பேச்சு கொடுத்ததிலும் நான் குறை காணவில்லை. தலைக்கணக்கு ஒன்று கூடுதலாக வந்து, செக்யூரிட்டியும் வரிசையில் நின்றுவிட்டார் என்று கண்டுபிடித்தீர்களாமே, அது உங்களால்தான் முடியும்.

ஆனால் மறுநாள் மதியம் பிள்ளை போனில் வந்து, தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "எல்லாம் போச்சுப்பா. இனி என்ன யாரும் சேத்துக்க மாட்டாங்க" என்றாள். நான் ஆறுதல் சொன்னேன். உங்களிடம் மறைப்பதற்கில்லை, மச்சான், ஆறுதல் சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. போகட்டும், நமக்கு எதற்கு இந்த டெல்டாவும் ஓமேகாவும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. உங்கள் பேச்சை அந்தப் பிள்ளைகள் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பி, சிரித்து உருண்டு, இப்படி ஒரு மாமா யாருக்கும் கிடையாது என்று அக்ஸாவைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டுவிட்டார்களாம். தாமரைதான் அவளுக்கு அக்கா என்று முடிவாகிவிட்டது. குவைத்தில் வளர்ந்த பெண், அங்கேயும் இங்கேயும் ஒட்டாமல் வளர்வது தனக்கும் தெரியும் என்று சொன்னாளாம். எனக்குப் புரியாதது ஒன்றுதான். என் வீட்டில் அக்ஸாதான் மூத்தவள், ஒரே பிள்ளை. அவளுக்கு மேலே திடீரென்று ஒருத்தி எப்படி வருவாள்? நாளைக்கு ஒரு விசேஷம் என்றால் தாய்மாமன் சீர் அந்தப் பெண்ணுக்கும் நீங்கள் செய்ய வேண்டிவரும், யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வருகிற பேப்பர் அதற்குத்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் பாலைவனத்தில் கூடாரம் போட்டு ஓர் இரவு காம்ப்பாம், கார்டியன் சம்மதம் இல்லாவிட்டால் சேர்ந்தது செல்லாதாம். பிள்ளை காம்ப்பில் கிடக்கக் கூடாது என்றுதான் நான் சோஹாரில் முதல் வருஷங்கள் லேபர் காம்ப்பில் கிடந்தேன், இப்போது அவள் ஆசைப்பட்டுப் போகிறாளாம். அதைக்கூட விடுங்கள். அவர்களுக்கு இன்னொரு விதி இருக்கிறது. மதியச் சாப்பாடு எல்லாரும் ஒரே மேஜையில் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்? அந்தப் பிள்ளைக்கு அப்பன் ஒருவன் இருக்கிறான், ஒரு மணிக்கு டிபன் பாக்ஸோடு படிக்கட்டில் காத்துக்கொண்டு இருக்கிறான் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரியுமா? நான் என்ன செய்வேன், டிரான்ஸ்ஃபார்மரோடு பேசிக்கொண்டு சாப்பிடுவதா?

ஆகவே, மச்சான், கூடாரத்தில் எமர்ஜென்ஸி எக்ஸிட் இல்லை என்று சொல்லுங்கள், தீயணைப்பான் இல்லை என்று சொல்லுங்கள், பேனாவில் மை இல்லை என்றாவது சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் வேண்டாம். பிள்ளை கொஞ்ச நாள் உங்கள்மேல் கோபமாக இருப்பாள், நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள். என்மேல் கோபமாக இருந்தால் எனக்குத் தாங்காது.

ஜோஸ்மி அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடவும். வேளாங்கண்ணித் தாய் உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்பாளாக.

உங்கள் சொல்லைத் தட்டாத,
ஜான் பீட்டர்

பி.கு.: இதை மடித்து வைத்தபிறகு இன்று புதன்கிழமை ஆகிவிட்டது, பெனோ சாயங்காலம்தான் கிளம்புகிறான், ராத்திரி உங்கள் கையில் கிடைத்துவிடும், அதனால் இதையும் எழுதுகிறேன். இன்று ஒரு மணிக்குப் போன் வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன், சிக்னல் முழுசாக இருந்தது. மனம் கேட்காமல் நானே போட்டேன். எடுத்தாள். ஒரே இரைச்சல். "ஸாரிப்பா, தாமரைக்கா வந்து இழுத்துட்டுப் போயிட்டாங்க, எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கோம். அப்புறம் கூப்பிடட்டா?" என்றாள். பின்னால் யாரோ, ஹாய் அங்கிள், அக்ஸா குறட்டை விடுறா அங்கிள் என்று கத்த, இவள் சிரித்தாள் பாருங்கள். இந்தச் சிரிப்பை நான் கேட்டுப் பல மாதமாகிறது. தினமும் என்னோடு சாப்பிட்டாளே, ஒருநாளாவது இப்படிச் சிரித்தாளா என்று யோசித்துப் பார்த்தேன். லீமா சொன்னதுதான் சரி. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

டிபன் மூடியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. பழனிச்சாமி எதற்கோ அந்தப் பக்கம் வந்தவன் நின்று, "ஏனுங்ணா, போன் வல்லீங்களா? எங்ககூட ஒக்காந்து சாப்புட உங்களுக்குப் புடிக்காதுன்னு நாங்க இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தமுங்க" என்று சொல்லி, டிபன் பாக்ஸை அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். பின்னாலேயே போய் உட்கார்ந்தேன்.

மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போடவும். பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும். கூடாரத்துக்கு எக்ஸிட் உண்டா என்று மட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளவும், விசில் வேண்டாம்.

இன்னொன்று. அந்தத் தார்ப்பாய்க்காரர்களிடம் புதிதாகச் சேருகிறவன் முதல் வியாழக்கிழமை எல்லாருக்கும் ஏதாவது கொண்டுவர வேண்டுமாம். அது நாளைக்கு. ஜோஸ்மி அக்கா அந்தச் சூரை கட்லெட்டில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டு, இன்றைக்கே போனில் அனுப்பவும். லீமா பார்த்தால் பார்க்கட்டும்.